மாற்றுக் கட்டணம்தான் போச்சு, வித்தியாசக் காசு போகவில்லை

2020 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட், உள்நாட்டு டிக்கெட்டில் பயணத் தேதியை மாற்ற வாங்கிவந்த 200 டாலர் மாற்றுக் கட்டணத்தைக் கைவிட்டது. மறுநாளே டெல்டாவும் அமெரிக்கனும் பின்தொடர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள், அமெரிக்காவில் தொடங்கும் வெளிநாட்டுப் பயணங்களுக்கும் சலுகை வந்தது. பேசிக் எகானமி என்ற மிக மலிவான டிக்கெட்டுக்குக் கிடையாது. அம்மாவை அழைத்துவரச் சென்னையிலிருந்து எடுக்கும் டிக்கெட்டுக்கும் இதை நம்பி இருக்காதீர்கள்.

தேதி மாற்றும்போது கட்டணம் பூஜ்யம் என்றே திரையில் வரும். கீழே இன்னொரு வரி இருக்கும்: விலை வித்தியாசம். நீங்கள் வாங்கிய மலிவு விலை வகுப்பில் புதுத் தேதிக்கு இடம் தீர்ந்திருந்தால் அடுத்த வகுப்பின் விலைதான். அதே விமானம், அதே இருக்கை.

அமெரிக்காவில் இருந்துகொண்டு ஊரில் சொத்து வேலை வைத்திருப்பவர்கள் சிக்குவது இங்கேதான்; வேலை இழுக்க இழுக்கத் திரும்பும் தேதியை மாற்ற வேண்டிவரும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக ஏறும். ஒருவர் விடுப்பில் போனால் அங்கேயே நிற்கும். அது வந்தபின் சார்பதிவாளர் அலுவலக டோக்கன். டோக்கன் கிடைத்த அன்று சர்வர் படுக்கும், "நாளைக்கு வாங்க சார்". எல்லாம் கூடிவந்தால் சித்தப்பா சொல்வார், "ஆடியில பத்திரம் வேணாம்ப்பா, ஆவணி பொறக்கட்டும்." ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். அமெரிக்காவில் பள்ளி திறக்க எல்லோரும் திரும்பும் நேரம். குடும்பத்தோடு போனால் வித்தியாசக் காசு நாலு தலைக்கும் விழும். மறுத்தால், "வருஷத்துக்கு ஒருதரம் வர்றே, பத்து நாள் சேர்த்து இருக்க முடியலையா?" அதற்கு யாரிடமும் பதில் கிடையாது.

கையெழுத்துக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் போகாதீர்கள். உங்களுக்குப் பதில் ஊரில் ஒருவர் கையெழுத்திட உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரத்தில், இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சி வாங்கி அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்துசேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இந்தக் கெடுவை ஊரில் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்பது வேறு சங்கடம்.

போயே தீர வேண்டுமென்றால், திரும்பும் தேதியைச் செப்டம்பரிலோ பிப்ரவரியிலோ வையுங்கள். மாற்ற நேர்ந்தாலும் மலிவு வகுப்பில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஏஜென்ட் வழி எடுத்திருந்தால் அவர் தனியாக ஒரு தொகை கேட்பார். டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கும் முன்பே அது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எதுவானாலும் விமானம் கிளம்பும் முன் மாற்றுங்கள், அல்லது ரத்து செய்யுங்கள். சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் மீதி டிக்கெட்டின் மதிப்பே போய்விடும்.