கையெழுத்திட்ட பிரிண்டுக்கு மேட் வெட்டி பிரேம் போடும் முறை

எடிஷன் எண்ணும் (அச்சிட்ட மொத்தப் பிரதிகளில் இது எத்தனையாவது என்ற எண்) ஓவியரின் கையெழுத்தும் உள்ள பிரிண்டை என்றைக்குக் கழற்றினாலும், பிரேமுக்குள் போன மாதிரியே தாள் வெளியே வரவேண்டும். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று வெள்ளை ஓரத்தை நறுக்கினால் மதிப்பு அங்கேயே போச்சு.

எண்ணும் கையெழுத்தும் பெரும்பாலும் படத்துக்குக் கீழே பென்சிலில் இருக்கும். மேட் (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் திறப்பு வெட்டிய அட்டை) அவற்றை மறைக்கக் கூடாது. தாள் 40×50 செ.மீ., படம் 30×40 செ.மீ. என்றால் மேலேயும் இரு பக்கங்களிலும் 5 மி.மீ., கீழே 15 மி.மீ. விட்டு, திறப்பை 31×42 செ.மீ. ஆக வெட்டுங்கள். மேட்டின் ஓரம் மூன்று பக்கமும் 7, கீழே 8 செ.மீ.; ஆக வெளியளவு 45×57. பிரேமின் உள்பள்ளம் (கண்ணாடியும் போர்டும் உட்காரும் இடம்) இதைவிட 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் ஈரக்காற்றில் போர்டு வளைந்துவிடும்.

மேட்டும் பின்னட்டையும் அமிலமற்ற பருத்தி போர்டாக இருக்கவேண்டும். மலிவான மரக்கூழ் போர்டு சில வருடங்களில் திறப்பைச் சுற்றித் தாளில் பழுப்புக் கோடு போட்டுவிடும். அது எளிதில் போகாது.

கவனம் முழுக்கத் தேவைப்படுவது தாளை மாட்டுவதில்தான். செலோ டேப், மாஸ்கிங் டேப், ஸ்ப்ரே பசை, சூட்டில் ஒட்டுவது எதுவும் வேண்டாம். மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை (கத்தரிக்காமல், ஈரக்கோடு இழுத்து) 3 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டாகக் கிழியுங்கள். காய்ச்சிய கோதுமை ஸ்டார்ச் பசையை மெலிதாகத் தடவி, தாளின் பின்புறம் மேல்விளிம்பில் 5 மி.மீ. மட்டும் பிடிக்கும்படி ஒட்டுங்கள். மீதி மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பின்னட்டையில் ஒட்டி, மேலே குறுக்கே இன்னொரு துண்டு. ஒற்றுத்தாள் வைத்துப் பாரம் ஏற்றிக் காயவிடுங்கள். பசை நீர்த்திருந்தால் அந்த இடத்தில் தாள் சுருங்கி, முன்பக்கம் மேடு தெரியும். நான்கு ஓரமும் ஒட்டினாலோ, தாள் விரியச் சுருங்க வழியில்லாமல் அலையலையாகிவிடும்.

கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் கோத்து மை ஒட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியை மேட்டே தரும். மேட் இல்லாமல் போட்டால் ஓரத்தில் ஸ்பேசர் (கண்ணாடியைத் தாளிலிருந்து தள்ளி நிறுத்தும் மெல்லிய பட்டை) வைக்கவேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ நல்லது. ஆனால் அதுவும் நிறம் மங்குவதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். பிரிண்ட் அசல்தான் என்று சொல்லும் சான்றிதழை பிரேமுக்குள் செருகாமல் தனிக் கவரில் வையுங்கள்.