குடும்பச் சிரிப்புக் கட்டுரைகளைக் கூடிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இப்போது புதிதாக வாசகர் வட்டங்கள் தொடங்குகிறார்கள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் உட்காருகிறேன். அப்பத்தா, ஐயா, அயித்தை என்று வீட்டு மனிதர்களை வைத்து எழுதிய சிரிப்புக் கட்டுரைகளைத்தான் பெரும்பாலும் முதலில் எடுக்கிறார்கள், பேச எளிதாக இருக்கும் என்று. எங்கள் வட்டம் ஆரம்பித்த புதிதில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். படிக்காமல் வருவது, தாமதமாக வருவது, நடுவில் செல்போன் எடுப்பது இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முழுப் புத்தகத்தையும் ஒரே கூட்டத்தில் முடிப்பது

இரண்டு கட்டுரை போதும்.

வீட்டைப் பற்றிப் பேசப் போய்விடுவது

முகப்பு, வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி) என்று ஒரு சொல் வந்துவிட்டால் பேச்சு பர்மாத் தேக்குக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுக்கும் தாவிவிடும். நல்ல விஷயங்கள்தான், அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். கட்டுரையில் தூண் வருவது, அதன் பின்னால் நின்று பெரியவர்கள் பேச்சைக் கேட்ட பையனுக்காக. அவன் காதில் என்ன விழுந்தது என்று பேசுங்கள்.

"இது இன்னார் வீடுதானே?" என்று கண்டுபிடிப்பது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான். நம் பக்கம் நகரத்தார் (செட்டியார்) வீடுகளில் என்ன கோயில், கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்யப் போன இடம் எது, வீட்டு விலாசம் (பெயருக்கு முன் வரும் குடும்ப முதலெழுத்துகள்) என்ன என்று இரண்டு மூன்று தகவல் கிடைத்தால் போதும், ஆளைப் பிடித்துவிடுவார்கள். நகரத்தார் எல்லாரும் ஒன்பது நகரக் கோயில்களாகப் பிரிந்தவர்கள், அதற்குள் தேடினால் யாரும் யாருக்கும் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ வந்துவிடுவார்கள். எழுதுகிறவர் பெயரையும் ஊரையும் மாற்றி வைத்தாலும் பயனில்லை.

ஒரு கூட்டத்தில் பழைய பத்திரிகையில் புனைபெயரில் வந்த கட்டுரை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எழுதத் தெரியாத அப்பத்தா, ரங்கூனில் இருக்கும் மகனுக்குப் பேரனை உட்கார வைத்துக் கடிதம் சொல்கிறார். "எல்லாரும் சௌக்கியம்னு எழுது" என்கிறார். அதே மூச்சில் தோட்டத்துக்குள் புகுந்த ஆட்டைப் பார்த்து, "விரட்டுடா, முருங்கையை மொட்டையடிக்குது" என்கிறார். பையன் அதையும் எழுதிவிடுகிறான். பணியாரத்தை ஒளித்து வைத்த சின்ன மருமகளைத் திட்டியதும் கடிதத்தில் ஏறிவிடுகிறது. "எங்கே, வாசிச்சுக் காட்டு" என்றதும் வீடே சிரிக்கிறது.

வாசித்து முடித்ததுதான் தாமதம். "மொகல் தெருக் கிட்டங்கி, வீட்டுக்கு எதிரே ஊருணி, எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று ஒருவர் விலாசத்தோடு சொல்லிவிட்டார். ரங்கூனில் செட்டியார்கள் தொழில் நடத்தித் தங்கிய கட்டடம்தான் கிட்டங்கி. அந்தச் சின்ன மருமகள் யார் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். அந்த மருமகளின் மகள் அங்கேயே உட்கார்ந்திருந்தார், கையில் ஜெராக்ஸோடு. "எங்க ஆத்தா ஒளிச்சு வச்சது பசிக்கு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. தன் அப்பச்சியை (அப்பாவை)ப் பற்றி ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருப்பதாகச் சொன்ன இன்னொரு ஆச்சி, அதைக் கொண்டுவரவே இல்லை. கேட்டதற்கு, "வேணாம்ணே" என்றார்.

கட்டுரையும் கைநழுவிப் போனது. கடிதத்தின் தலையில் 'விஷு வருஷம் கார்த்திகை' என்று இருந்தது. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அது 1941 நவம்பர், டிசம்பர். அந்த டிசம்பர் 23-இல் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே அவர்கள் கைக்குப் போனது. கொண்டுவிக்கப் போனவர்கள் வழக்கமாக மூன்று வருடக் கணக்கை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். இந்த மகன் திரும்பினாரா என்று கட்டுரை சொல்லவில்லை. பதில் கடிதம் வந்ததாகவும் இல்லை. எழுதிய பையனுக்கு அன்றைக்கு எதுவும் தெரியாது. வயதான பிறகு அதை நினைத்து எழுதுகிறவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஆட்டோடும் பணியாரத்தோடும் நிறுத்திக்கொள்கிறார். பேச வேண்டிய இடம் அதுதான். நாங்கள் அந்த நேரத்தை ஊருணிக்குச் செலவழித்தோம்.

அதனால் கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். கட்டுரையில் என்ன பெயரோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். அடையாளம் தெரிந்தவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளட்டும். மீறி யாராவது ஆரம்பித்தால், நடத்துகிறவர் தயவு பார்க்காமல் குறுக்கிட்டு அடுத்த பத்திக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இங்கே சிரிப்பது யார், யாரைப் பார்த்து? சிரிப்பு ஓய்ந்த இடத்தில் எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டார்?

"நிஜமாகவே நடந்ததா?"

கேட்டுப் பயனில்லை.

வாசிக்கும்போது பேச்சைத் திருத்துவது

'அவுக வந்தாக' என்று அச்சில் இருப்பதை 'அவர்கள் வந்தார்கள்' என்று மாற்றி வாசிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். "அவுகளுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?" என்று ஓர் அயித்தை கேட்கும்போது, திட்டும்போதுகூட மரியாதை விட்டுப்போகவில்லை பாருங்கள், சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. திருத்தினால் வெறும் திட்டுதான் மிஞ்சும். இந்தப் பேச்சு வாயில் வருகிற ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் யாராவது கட்டாயம் இருப்பார்கள்.

எழுதியவரை முதல் கூட்டத்துக்கே அழைப்பது

அவர் முன்னால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு அழையுங்கள்.