பழைய சேர்வு இடாப்பை எக்செல்லில் ஏற்றுவது எப்படி?

போன மாரியில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு ஐயா விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார். எழுபதுகளில் எங்கள் பாடசாலையில் படித்தவர். சேர்விலக்கம் ஞாபகமில்லை. பிள்ளைகள் பாடசாலையில் சேரும்போது விபரம் பதியும் சேர்வு இடாப்புகள் மூன்றைப் புரட்டி அவர் பெயரைக் கண்டுபிடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. பஸ் போய்விடுமோ என்று அவர் வாசலையும் இடாப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அந்த வாரமே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் அதிபரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இடாப்பை முழுதாகப் படமெடுங்கள். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, வருடா வருடம் வரும் வெள்ளம் எல்லாவற்றையும் பார்த்த ஊர் நம்முடையது. தட்டச்சு பிறகு செய்யலாம், படம் இன்றைக்கே வேண்டும். ஜன்னல் பக்கம் வைத்து, பக்கத்துக்கு ஒரு படம். ஸ்கேன் செயலிகளின் கறுப்பு வெள்ளை வடிகட்டியை நான் தொடுவதே இல்லை. மங்கிய மையும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பும் அதில் அழிந்துபோகும். சாதாரண கலர்ப் படமே நல்லது.

அப்புறம் எக்செல். நிரல்கள் இவை: சேர்விலக்கம், முழுப்பெயர், பாதுகாவலர் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, இடாப்பு எண், பக்கம். கடைசி இரண்டும் கட்டாயம் வேண்டும். இந்தக் கோப்பு இடாப்புக்குப் பதில் அல்ல, இடாப்பில் எங்கே பார்ப்பது என்று காட்டும் வழிகாட்டி. விடுகைப் பத்திரத்தை எப்போதும் மூல இடாப்பைத் திறந்து பார்த்தே எழுத வேண்டும். சேர்விலக்க நிரலை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 0145 என்று அடித்தது 145 ஆகிவிடும்.

இனி திகதி. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், ஆறுதலாக வாசியுங்கள். நமக்கு 03/04/1972 என்றால் ஏப்ரல் 3. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 15/04/1972 என்று அடித்தாலோ, பதினைந்தாம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பிழை என்று ஒரு வார்த்தை காட்டாது. நானூறு வரி அடித்த பிறகு, பிறந்த திகதிப்படி வரிசைப்படுத்தியபோது பாதிப் பிள்ளைகள் அடியில் தனியாகப் போய் நின்றார்கள். உற்றுப் பார்த்தேன்: சில திகதிகள் பெட்டியின் இடது பக்கம் ஒட்டியிருந்தன, சில வலது பக்கம். இடப்பக்கத்தவை எழுத்தாக நின்றவை. வலப்பக்கத்தவை நாளும் மாதமும் மாறியவை. நானூறையும் இடாப்போடு மறுபடி ஒப்பிட்டேன், நான்கு நாள் போயிற்று. பிறந்த திகதி பிழைத்தால் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஓய்வூதியம் வரைக்கும் ஒருவரை அலைக்கழித்துவிடும். இப்போது நான் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நிரல்களாகவே அடிக்கிறேன். பார்க்க அழகில்லைதான், ஆனால் எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. உங்களுக்கும் இதையே சொல்வேன்.

பெயர்களை யுனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் முறையில் அடியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கை பழகியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும், தமிழில் தேடவும் முடியாது.

அடித்து முடித்த பக்கத்தை ஒருவர் இடாப்பிலிருந்து சத்தமாக வாசிக்க, மற்றவர் திரையில் சரிபார்க்க வேண்டும். உயர்தரப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அது மற்றவர்களின் குடும்ப விபரம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு, ஒரு பிரதி அலுவலக அலுமாரியில், இன்னொன்று அதிபரிடம். வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை: காத்தான்குடியிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். ஒரே பெயர் முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று மூன்று விதமாக இடாப்பில் இருக்கிறதாம், தேடினால் அகப்படவில்லையாம். உண்மைதான், எங்களிடமும் லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி என்று வருகிறது. இடாப்பில் உள்ள எழுத்தைத் திருத்தாதீர்கள், அப்படியே அடியுங்கள். பக்கத்தில் ‘தேடும் பெயர்’ என்று ஒரு நிரல் சேர்த்து, எல்லோருக்கும் ஒரே எழுத்தில் போடுங்கள். அதிலும் அகப்படாவிட்டால் பிறந்த ஆண்டையும் பாதுகாவலர் பெயரையும் வைத்து வடிகட்டிப் பாருங்கள்.