தோல் கழலை நோய்: கன்றுக்குச் சீம்பால் முதலில், ஊசி பிறகு

மாட்டுக்குத் தோல் கழலை நோயைத் தருவது லம்பி வைரஸ். கடி ஈயும் கொசுவும் பரப்பும் இந்த வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பொருள் எதுவும் பிறந்த கன்றின் ரத்தத்தில் இருக்காது. மாட்டின் நச்சுக்கொடி அதைக் கடத்தாது. தாய் கொடுப்பதெல்லாம் சீம்பாலில்தான்.

1. தாய்க்குத் தடுப்பூசியைச் சினையின் கடைசி மாதம்வரை தள்ளாதீர்கள். ஈனுவதற்கு ஐந்து வாரம் முன்பே எதிர்ப்பொருள் மடியில் சேரத் தொடங்கிவிடும்.

2. சீம்பாலை அளந்து பாருங்கள். மஞ்சளாக, கெட்டியாக இருப்பது தரத்துக்குச் சான்றல்ல. மிதவைக் கருவி வேண்டாம். கறந்த சூட்டில் குறைத்துக் காட்டும். ஒளி வளைவதை வைத்துக் கெட்டித்தன்மையை அளக்கும், 0 முதல் 32 வரை அளவுள்ள பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டரே என் தேர்வு. காய்ச்சி வடித்த நீர் விட்டு சுழியம் சரிசெய்து, பிறகு இரண்டு சொட்டு சீம்பால். 22-க்கு மேல் காட்டினால் நல்லது.

3. நச்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பதுதான் பல கன்றுகளைக் கெடுக்கிறது. குடல் எதிர்ப்பொருளை முழுதாக உள்ளே விடுவது முதல் சில மணி நேரம்தான். 24 மணியில் கதவு மூடிவிடும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர்: பாதி 2 மணி நேரத்துக்குள், மீதி 12 மணிக்குள். திரட்டுப்பால் கிண்ட ஆசையா? மறுநாள் கறவையில் கிண்டிக்கொள்ளுங்கள். உறைய வைத்ததை அடுப்பில் வைக்காதீர்கள், 50 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் இளக்குங்கள். கொதித்தால் எதிர்ப்பொருள் போய்விடும், வெறும் பால்தான் மிஞ்சும்.

4. இரண்டாம் நாள் ரத்தம் எடுத்து, அது உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை (சீரம்) அதே கருவியில் பாருங்கள். 8.4-க்குக் குறைந்தால் கன்றுக்குப் போதிய அளவு ஏறவில்லை.

5. தடுப்பூசி. தாய்க்கு ஊசி போட்டிருந்தாலோ, நோய் வந்து போயிருந்தாலோ, கன்றுக்கு நான்கு மாதம் முடியட்டும். லம்பிக்கு நாம் மாட்டுக்குப் போடும் ஆட்டு அம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ். சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் அதையும் எதிரியென்றே அடித்துவிடும். ஊசியும் வீண், கன்றும் வெறுங்கை. தாய்க்கு இரண்டும் இல்லையென்றால் கன்றுக்கு முன்னதாகவே போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கரைத்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும், ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். மாட்டுக்கு ஒரு ஊசி, தோலுக்கடியில். ஸ்பிரிட் தடவினால் காய்ந்த பிறகே குத்துங்கள். எதிர்ப்பு திரள மூன்று வாரம் ஆகும், அதுவரை ஈ விரட்டுவதை விடக்கூடாது.

பின்சேர்க்கை: ஊசி போட்டபின் எலைசா என்ற ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் காணவில்லை என்றால் பதறி மறுபடி குத்த வேண்டாம். இந்த வைரஸுக்கு எதிராகச் செல்வழி எதிர்ப்பும் (எதிர்ப்பொருள் இல்லாமல் வெள்ளணுக்களே நேரடியாகத் தாக்குவது) பெரும்பங்கு வகிக்கிறது; அது எலைசாவில் தெரியாது. எதிர்ப்பொருள் தெரிந்தாலும் அது ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று பிரித்துக் காட்டாது. ஆகவே ஊசி போட்ட தேதியைக் காதுத்தோட்டு எண்ணோடு எழுதி வையுங்கள்.