புதுப் பிஸ்டல் சிக்குகிறதா? தோட்டா எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

லைசென்ஸுக்கு அலைந்து, காசு சேர்த்து .32 அளவுத் தோட்டா போடும் பிஸ்டல் வாங்கி, ரேஞ்சில் நாலு குண்டு போவதற்குள் அது சிக்கி நின்றால் யாருக்குமே வெறுத்துப்போகும். ஆனால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீங்க அண்ணாச்சி. தோட்டா எந்த இடத்தில் நின்றதோ அதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சிக்கினதும் குழல் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும், விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிடுங்கள். சுட்டும் வெடிக்கவில்லை என்றால் அப்படியே முப்பது விநாடி பிடித்திருங்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும். அப்புறம் முதலில் மேகசினை (தோட்டா நிரப்பும் பெட்டி) கழற்றுங்கள், பிறகுதான் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) இழுங்கள். இந்த வரிசை மாறினால் ஸ்லைடு அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாக, 'பொத்'தென்று வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். ஈயக் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடித்துவிடும்.

சரி, இப்போது சுத்தம். புதுசில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி கிரீஸை வழித்துத் துடைத்துவிட்டு, ஸ்லைடு ஓடும் தடங்களில் தடத்துக்கு ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துக் கெட்டியாகும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆடிக் காற்றில் பறக்கிற புழுதி, அதிகமாக விட்ட எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

.32-ல் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்தத் தோட்டாவின் அடி விளிம்பு உடம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் அது முன்னே நகராது. அதனால் ஒவ்வொன்றையும் முன்பக்கமிருந்து அமுக்கிப் பின்னால் தள்ளி நிரப்புங்கள். மேலே இருப்பதன் விளிம்பு எப்போதும் கீழே இருப்பதற்கு முன்னால் உட்கார வேண்டும். நீளம் குறைந்த தோட்டா மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆடுவதால் இந்தச் சிக்கல் அதில்தான் அதிகம்.

சுட்டபின் மிஞ்சும் காலிக்கூடு ஸ்லைடு வாயில் செங்குத்தாக நிற்கிறதா? ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகவில்லை. வலுக்குறைந்த தோட்டாவாக இருக்கும், அல்லது புது ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், அல்லது உங்கள் மணிக்கட்டு தளர்ந்திருக்கும். முதலில் பிடியை இறுக்கிப் பாருங்கள், சரியாகாவிட்டால் வேறு பெட்டித் தோட்டா போட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் விறைப்பு சில பெட்டிகள் சுட்டால் தானே அடங்கும். காலிக்கூடு குழலின் பின்பக்கத் தோட்டா அறைக்குள்ளேயே தங்கினால் அதைப் பிடித்து இழுக்கும் கொக்கியில் அழுக்கோ உடைசலோ இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டாவின் மூக்கு மேலே தூக்கி இடித்து நின்றால் மேகசினைச் சந்தேகப்படுங்கள், அதன் வாய் உதடு வளைந்திருக்கலாம். மேகசின்களில் 1, 2 என்று பெயின்டால் குறித்துவைத்தால் எது படுத்துகிறது என்று சீக்கிரம் பிடிபடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரியாக்கியது என்றே தெரியாது.

இத்தனைக்கும் சரியாகாவிட்டால் அரம் எடுத்து ராவ வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கே லைசென்ஸ் வேண்டும், தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் வம்பு. வாங்கிய டீலரிடமே கொண்டுபோங்கள். எந்த மேகசின், எத்தனாவது தோட்டா, எந்தப் பெட்டி, எங்கே நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கையோடு கொடுங்கள்.