டார்க் ஷேடோஸ்: 1,225 பகுதிகளை எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது?

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை பகல் நேரத்தில் ஓடிய கோதிக் தொடர் 'டார்க் ஷேடோஸ்'. தயாரிப்பாளர் டான் கர்ட்டிஸ். மெய்ன் மாநிலத்தில் காலின்ஸ்போர்ட் என்ற கற்பனை மீன்பிடி ஊர், அங்கே காலின்வுட் என்ற மாளிகை, அதில் ரத்தக் காட்டேரி, சூனியக்காரி, ஓநாய் மனிதன், பேய்கள். இது தெரிந்ததும் ஆசையாக முதல் பகுதியைப் போட்டு, ஐந்தாவதில் தூங்கிப்போய் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். குற்றம் அவர்களுடையதும் அல்ல, தொடருடையதும் அல்ல. தொடங்கும் இடமும் பார்க்கும் வேகமும் தப்பு. இரண்டையும் சரிசெய்யத்தான் இந்த விளக்கம்.

படி 1: முதலில் நேரக் கணக்கு

அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக ஒரு பகுதி சுமார் 22 நிமிடம். 1,225 பகுதி என்றால் ஏறக்குறைய 450 மணி நேரம். நாளுக்கு இரண்டு வீதம் பார்த்தால் 20 மாதம் ஆகும். அந்தக் காலத்து ரசிகர்கள் பார்த்ததுபோல் வாரத்துக்கு ஐந்து என்றால் நாலே முக்கால் வருடம்.

இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். முழுத் தொடரையும் பார்க்கப்போவதாக இப்போதே சபதம் எடுக்கத் தேவையில்லை. 206 முதல் 461 வரை ஒரு முழு வட்டம் இருக்கிறது. நாளுக்கு இரண்டு வீதம் நான்கு மாதத்துக்கு மேல் கொஞ்சம் ஆகும். பிடித்தால் தொடருங்கள்.

ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வோம். நேற்றுப் பார்க்கத் தவறியவருக்காக இன்றைய பாத்திரங்கள் நேற்று நடந்ததையே திரும்பப் பேசுவார்கள். ஒரு ரகசியத்தை ஆறு பேர் ஆறு நாளில் ஆறு முறை கேட்பார்கள். நாளுக்கு ஒன்றாகப் பார்த்தால் இது உறுத்தாது. ஒரே மூச்சில் பத்து பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். மெகா சீரியல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படி 2: 210 அல்ல, 206

ரசிகர்களைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "210-லிருந்து பார்" என்பார்கள். காரணம் இருக்கிறது. முதல் 200-க்கு மேற்பட்ட பகுதிகளில் தொடரின் ரத்தக் காட்டேரியான பார்னபஸ் காலின்ஸ் இல்லை. 1967 ஏப்ரல் 17 அன்று வந்த 210-வது பகுதியில்தான் வில்லி லூமிஸ் என்ற திருட்டுப் பயல், நகை கிடைக்கும் என்று குடும்பக் கல்லறை மண்டபத்தில் நுழைந்து சங்கிலி சுற்றிய சவப்பெட்டியைத் திறக்கிறான். உள்ளிருந்து ஒரு கை வந்து அவன் கழுத்தைப் பிடிக்கிறது. மறுநாள், 211-ல், இங்கிலாந்திலிருந்து வந்த தூரத்து உறவினர் என்று சொல்லிக்கொண்டு பார்னபஸ் காலின்வுட் வாசலில் நிற்கிறார். (210-ல் தெரியும் அந்தக் கை பார்னபஸாக நடித்த ஜொனாதன் ஃபிரிடுடையது அல்ல. அவர் முகம் காட்டுவதே மறுநாள்தான்.)

எங்கள் யோசனை, நாலு பகுதி முன்னே போய் 206-ல் தொடங்குங்கள். வில்லியாக ஜான் கார்லன் வருவது அதில்தான். அதற்கு முன் அந்த வேடத்தில் வேறொருவர் இருந்தார். காலின்வுட் கூடத்தில் மாட்டியிருக்கும் பார்னபஸின் ஓவியத்தின் முன் வில்லி நின்று வெறித்துப் பார்க்கிறான். இதயத் துடிப்பு போன்ற ஓசை அவன் காதில் விழுகிறது. படத்தின் கண்கள் மினுங்குகின்றன. இதைப் பார்க்காமல் 210-க்குப் போனால் அது ஒரு திருடன் மாட்டிக்கொள்ளும் காட்சி மட்டுமே. பார்த்துவிட்டுப் போனால், சவப்பெட்டியில் கிடப்பவர்தான் அவனை வரவழைத்தார் என்பது புரியும்.

படி 3: சீசன் எண்ணை நம்பாதீர்கள்

அதிகம் குழப்புவது இதுதான். இந்தத் தொடருக்குச் சீசன் கிடையாது, பகுதி எண்தான் உண்டு. இணையத் தளங்களும் வட்டுத் தொகுப்புகளும் தங்கள் வசதிக்குப் பிரித்திருக்கின்றன. எம்பிஐ நிறுவனத்தின் டிவிடிகளில் 'தொகுப்பு 1' என்பது 210-ல் தொடங்கும். அதற்கு முந்தைய பகுதிகள் 'தி பிகினிங்' என்ற தலைப்பில் தனியாக இருக்கும். எனவே ஒரு தளத்தில் 'சீசன் 1, பகுதி 1' என்று இருப்பது உண்மையில் 210 ஆக இருக்கலாம். சோதிக்க எளிய வழி: இளம்பெண் ஒருத்தி ரயிலில் போய்க்கொண்டிருந்தால் அது பகுதி 1. வில்லி கல்லறைக்குக் கிளம்பினால் அது 210.

இன்னொரு சிக்கல். மொத்தம் 1,225 பகுதிகள்தான், ஆனால் கடைசிப் பகுதியின் எண் 1245. தொலைந்து போனவை 20 என்று நினைத்துத் தேடி அலைய வேண்டாம். செய்தி, விளையாட்டு, விடுமுறை என்று ஏதாவது காரணத்தால் ஒருநாள் ஒளிபரப்பு நின்றால், அந்த நாளின் எண்ணைத் தாண்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைப் பகுதி 5-லோ 0-விலோ முடிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே குறிப்பு எடுக்கும்போது எண்ணோடு ஒளிபரப்பான தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

டிவிடி வாங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன் பிராந்தியக் குறியீட்டைப் பாருங்கள். அமெரிக்க வட்டு எல்லாக் கருவியிலும் ஓடாது. 2012-ல் சவப்பெட்டி வடிவப் பெட்டிக்குள் 131 வட்டுகளாக முழுத் தொகுப்பும் வந்தது. அழகான பொருள்தான், ஆனால் முதல் வாங்கலுக்கு அல்ல.

படி 4: நோட்டில் ஒரு நடிகர் அட்டவணை

கதை காலத்தைத் தாண்டித் தாண்டிப் போகும். ஒவ்வொரு காலத்துக்கும் அதே நடிகர் கூட்டம் வேறு வேடத்தில் வரும். அட்டவணை இல்லாவிட்டால் மூன்றாவது காலத்தில் தலை சுற்றும். நோட்டை இரண்டு பக்கமாக விரித்து, இடது ஓரத்தில் நடிகர் பெயர், மேலே காலங்கள் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு இந்த ஐந்து வரி போதும். முதலில் நிகழ்காலம், அடுத்து 1795, அதற்கடுத்து 1897:

ஜோன் பென்னட்: எலிசபெத், நவோமி, ஜூடித்
லூயிஸ் எட்மண்ட்ஸ்: ரோஜர், ஜோஷுவா, எட்வர்ட்
கிரேசன் ஹால்: டாக்டர் ஜூலியா ஹாஃப்மன், நாட்டலி, மக்டா
நான்சி பாரெட்: கரோலின், மில்லிசென்ட், சாரிட்டி
ஜெரி லேசி: வக்கீல் டோனி பீட்டர்சன், பாதிரியார் டிராஸ்க், கிரெகரி டிராஸ்க்

எட்மண்ட்ஸை மட்டும் கவனித்துப் பாருங்கள். நிகழ்காலத்தில் மதுக் கோப்பையும் கையுமாக நழுவிக்கொண்டே இருக்கும் ரோஜர், 1795-ல் இரும்பு மனம் கொண்ட அப்பா ஜோஷுவா. ஒரே முகம், ஒரே வீடு, ஆள் வேறு. இந்த அட்டவணையை ஏதோ பட்டியலிலிருந்து நகல் எடுக்காதீர்கள், நீங்களே நிரப்புங்கள். முழு நடிகர் பட்டியலைத் திறந்தால் யார் சாகிறார்கள், யார் திரும்ப வருகிறார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

படி 5: பிழைகளைப் பிழையாகப் பார்க்கப் பழகுங்கள்

ஒலிவாங்கி தலைக்கு மேலே தொங்கும். கல்லறைச் சுவர் ஆடும். பின்னணியில் தொழிலாளி ஒருவர் நடந்து போவார். பார்னபஸ் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, பார்வையை மெல்ல ஓரமாகத் திருப்பி, வசனப் பலகையைத் தேடிப் பிடித்து மீதியைச் சொல்வார். நேரடி ஒளிபரப்பு மாதிரி ஒரே ஓட்டமாக நாடாவில் பதிந்ததுதான் காரணம். நாடாவை வெட்டி ஒட்டுவது அன்று செலவும் சிரமமும் பிடித்த வேலை, எனவே பெரிய விபத்து இல்லாவிட்டால் எடுத்தது எடுத்ததுதான். வாரத்துக்கு ஐந்து புதிய பகுதி என்றால் மனப்பாடம் செய்யவும் நேரம் கிடையாது.

இந்தப் பிழைகளைத் தொகுத்துச் சிரிப்பது ரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு. நீங்களும் சிரிக்கலாம். ஆனால் அதற்காக மட்டும் பார்த்தால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். ஃபிரிட் வசனத்தைத் தேடும் அந்த அரை நொடித் தயக்கம்தான் பல இடங்களில் பார்னபஸை மனம் கலங்கியவராகக் காட்டுகிறது என்பது எங்கள் கட்சி.

படி 6: நிறம் போனால் டிவியைத் தட்டாதீர்கள்

294 வரை கறுப்பு வெள்ளை. 1967 ஆகஸ்ட் 11 அன்று வந்த 295 முதல் வண்ணம். ஆனால் அதற்குப் பிறகும் திடீரென்று ஒரு பகுதி மட்டும் மங்கலான கறுப்பு வெள்ளையில் வரும். உங்கள் கருவியில் கோளாறு இல்லை. மூல வண்ண நாடா கிடைக்காத பகுதிகளுக்கு, திரையைப் படச்சுருளில் பிடித்து வைத்த கினெஸ்கோப் நகல்தான் மிஞ்சியது.

1219-வது பகுதிக்கு அதுவும் இல்லை. படம் முழுதும் தொலைந்து, ஒலி மட்டும் பிழைத்தது. மற்ற பகுதிகளின் படங்களை அந்த ஒலியோடு கோத்துத்தான் தருகிறார்கள். பதிவிறக்கம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம்.

படி 7: வழி வரைபடம்

365-ன் முடிவில் ஓர் ஆவி அழைப்புக் கூட்டம், அங்கிருந்து 461 வரை 1795. பார்னபஸ் எப்படி இப்படி ஆனார், சூனியக்காரி ஏஞ்சலிக் யார் என்பதெல்லாம் இங்கேதான். தாண்டவே கூடாத பகுதி இது. சுமார் 35 மணி நேரம், தொடரிலேயே கட்டுக்கோப்பான கதை.

அதற்குப் பின் 1968-ல் கனவுச் சாபக் கதை. ஒரே கனவு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவும், ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட முழுதாகக் காட்டுவார்கள். கனவு தொடங்கியதும் வேகமாக ஓட்டிவிட்டுக் கடைசிக் கதவு திறக்கும்போது நிறுத்துங்கள், எதுவும் இழக்க மாட்டீர்கள்.

701 முதல் 884 வரை 1897. டேவிட் செல்பியின் குவென்டின் முழு வீச்சில் வருவது இங்கே. ஓநாய் மனிதன், ஜிப்சி சாபம், தேயர் டேவிட் நடித்த கவுண்ட் பெட்டோஃபி என்று கதை நெருக்கிப் போகும். இதுதான் உச்சம் என்பதில் ரசிகர்களிடையே பெரிய சண்டை இல்லை. சண்டை வருவது அடுத்து வரும், லெவியதன் என்ற பழங்காலச் சக்திகளின் கதையில்தான். பார்னபஸ் பிறர் கைப்பாவையாக நடப்பதைப் பலரால் ஏற்க முடியவில்லை.

969-ஐ ஒட்டி 1060 வரை இணை உலகம். இங்கே பார்னபஸ் நெடுநாள் சவப்பெட்டியில் பூட்டப்பட்டுக் கிடப்பது கதையின் தேவையைவிடக் கால்ஷீட் தேவை. அதே சமயத்தில் டான் கர்ட்டிஸ் தொடரை வைத்துத் திரைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார், முக்கிய நடிகர்கள் அங்கே போய்விட்டார்கள். பிறகு 1995-ல் ஒரு பத்துப் பகுதி, 1840, கடைசியாக 1841-ன் இணை உலகம். அந்தக் கடைசிக் கதையில் ஃபிரிட் நடிப்பது பிராம்வெல் காலின்ஸ் என்ற வேறு ஆளாக. 'பார்னபஸ் எங்கே' என்று 1245 வரை காத்திருக்காதீர்கள்.

படி 8: மற்ற ரசிகர்களிடம் பேசும்போது

கருத்துக்கு முன்னால் எண்ணைச் சொல்லுங்கள். "ஜூலியா எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் எந்த ஜூலியா என்று கேட்பார்கள். 265-ஐ ஒட்டி அறிமுகமாகும் மருத்துவர் வேறு, 1970-ல் பார்னபஸுக்காக எதையும் செய்யத் துணியும் ஜூலியா வேறு. "நான் இப்போது 340-ல் இருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்கள்.

புதிய டார்க் ஷேடோஸ் வரப்போகிறது என்ற செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: அறிவித்தார்களா, படம் பிடித்தார்களா, ஒளிபரப்பினார்களா? 1991-ல் என்பிசியின் மறுதொடர் மூன்றையும் தாண்டியது, 12 பகுதியில் நின்றது. 2004-ல் மாதிரிப் பகுதி எடுத்தார்கள், ஒளிபரப்பாகவில்லை. 2019-ல் ஒரு தொடர்ச்சி அறிவிக்கப்பட்டது, படப்பிடிப்புக்கே போகவில்லை. 2012-ல் டிம் பர்ட்டன் இயக்கிய படம் திரையரங்குக்கு வந்தது, ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் தொடருக்கு வருபவர்கள் நகைச்சுவையை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள்.

படி 9: விட்ட 205

461-ஐத் தாண்டிய பிறகு எப்போது வேண்டுமானாலும் பகுதி 1-க்குத் திரும்பலாம். விக்டோரியா விண்டர்ஸ் ரயிலில் வருகிறாள், தான் யார் பிள்ளை என்று தெரிந்துகொள்ள. அந்தக் கேள்விக்கு விடை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். விக்டோரியாவாக நடித்த அலெக்சாண்ட்ரா மோல்ட்கே 1968-ல் தொடரிலிருந்து விலகிவிட்டார், புதிர் அப்படியே கிடக்கிறது.

முதல் 69 பகுதிகளை நாளுக்கு மூன்றாகப் பார்க்கலாம், பாதகமில்லை. 70-ல் வேகத்தைக் குறையுங்கள். பாழடைந்த பழைய மாளிகையில், 1795 கதையில் பார்னபஸ் காதலிக்கும் ஜோசெட்டின் ஓவியத்திலிருந்து ஒளி பரவி, அவள் உருவம் சட்டத்தை விட்டு இறங்கி வெளியே போகிறது. வசனம் கிடையாது. 1795 கதையைப் பார்த்துவிட்டு இந்தக் காட்சிக்கு வருகிறவர்களுக்கு அது முதல்முறை பார்த்தவர்களைவிட அதிகம் வலிக்கும். ஆனால் இந்தத் தொடக்கப் பகுதிகளில் ஜோசெட் வாழ்ந்த காலம் 1830-களை ஒட்டி என்று சொல்வார்கள், பிறகு எழுத்தாளர்கள் அதை 1795-க்கு நகர்த்திவிட்டார்கள். அட்டவணையில் இரண்டு வருடத்தையும் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பகுதி 71-க்குப் போங்கள்.