நீளமான ஒயரா? போகவர இரண்டையும் கணக்கில் எடுங்கள்

ஒயரின் நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும். பள்ளியில் படித்ததுதான். ஆனால் பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் என்றால் மின்சாரம் போக 30, திரும்பி வர 30, ஆக 60 மீட்டர்.

1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். அற்பமாகத்தான் தெரியும். 60 மீட்டருக்கு அதுவே ஏறக்குறைய 0.7 ஓம். 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை மாட்டினால் 7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 70 வாட் ஒயரைச் சூடாக்கவே செலவாகும். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுப்பது பல மடங்கு என்பதால், அப்போது இழப்பும் கூடும். சில மோட்டார்கள் முக்கி முனகி நிற்பது இதனால்தான்.

நீளத்தைக் குறைக்க வழியில்லையா? தடிமனைக் கூட்டுங்கள். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 4 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று: சுருள் ஒயரை முழுவதும் பிரித்துவிட்டே பயன்படுத்துங்கள். சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகலாம்.

12 வோல்ட் எல்இடி பட்டைக்கு ஒயர் இழுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 1 வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் மங்குவது கண்ணுக்குத் தெரியும்.